பானட்டின் மேல் ஒரு சாண்

என் மாமா பொய்யர். அம்மாவின் கை போனதற்கு நான்தான் காரணம் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறார். காதுகுத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். கோயில் அன்னதானத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும் என்பதற்காக இதையும் ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருக்கிறார்.

"எனக்கு ஒரு ஸ்பேர் இருந்துச்சு. பத்து வயசு. அது ஸ்வேன்னு சொல்லுச்சு, நான் போயிட்டேன்."

எல்லாரும் சிரிப்பார்கள். அதே பந்தியில் அம்மா தலையைக் குனிந்துகொண்டு இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தப் பத்து வயது ஸ்பேர் நான்தான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் யாங்கோன். வீட்டில் ரங்கூன் என்றுதான் சொல்வோம். இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். ஆனால் பெரும்பாலான வண்டிகள் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள், அவற்றில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். அதனால் ஓட்டுகிறவர் சாலையோரத்தை ஒட்டி உட்கார்ந்திருப்பார். முன்னால் போகிற லாரியை முந்த வேண்டும் என்றால் எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பஸ்ஸிலும் லாரியிலும் அதற்கென்றே ஓர் ஆள் தொங்கிக்கொண்டு வருவான். அவனுக்கு ஸ்பேர் என்று பெயர். வழி இருந்தால் "ஸ்வே" என்று கத்துவான். இழு, போ என்று பர்மியத்தில் அர்த்தம். வீட்டு வண்டிகளில் அந்த வேலை மனைவிக்கோ பிள்ளைக்கோ வந்து சேரும். ஓர் ஆளின் உயிரை இன்னோர் ஆளின் கண்ணில் வைத்து ஓட்டுகிறோம் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. தாமுவேயில் அவருடைய வீட்டு மாடியில்தான் நாங்கள் இருந்தோம். அப்பாவுக்கு மோல்மீனில் வேலை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார். அம்மா தையல் வேலை செய்தாள். அந்தத் தெருவில் தமிழ்ப் பெண்களுக்கு ஜாக்கெட், பர்மியப் பெண்களுக்கு மேல்சட்டை, எல்லாம் அம்மாவின் கைதான். கீழே மாமாவும் அத்தையும் இருந்தார்கள். அத்தை பர்மியப் பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள், பயமோ கோபமோ வந்தால் மட்டும் பர்மியத்துக்குப் போய்விடுவாள்.

அந்த நாளில் புதுக் கார் என்பது எங்களைப் போன்றவர்கள் கனவிலும் காணாத சங்கதி. அதனால் கார் வேண்டும் என்கிறவர்கள் கார் கட்டினார்கள். வீடு கட்டுவது போலக் கார் கட்டுவது. மாமாவும் கட்டினார். பழைய ஜீப் ஒன்றின் சேஸிஸ். அதன் மேல் பூட்டுவதற்குத் தாய்லாந்திலிருந்து எல்லை வழியாகப் பெட்டி பெட்டியாக வந்த ஃபைபர் பாடி. கிட் கார் என்று மாமா பெருமையாகச் சொல்வார். எதை எதோடு பூட்டுவது என்ற விளக்கத்தாள் தாய்லாந்து மொழியில் இருந்தது. அவருக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. படத்தைப் பார்த்துப் பூட்டினார். படத்தில் இல்லாத இடங்களில் தன் புத்தியைப் பூட்டினார்.

எஞ்சினும் அவருடைய புத்திதான். அந்தப் பாடிக்குச் சின்ன எஞ்சின் போதும். மாமா ஒரு பிக்கப்பின் எஞ்சினைத் தூக்கி வைத்தார். பானட்டை மூடினால் மூடவில்லை. எஞ்சின் மேல் இருந்த ஏர் கிளீனர் நாலு விரல் உயரத்துக்கு மேலே நின்றது. அதுவும் நடுவில் இல்லை, இடப்பக்கமாக.

பானட்டில் ஓட்டை போடுவது என்று முடிவாயிற்று. கரண்ட் இருந்தால்தான் அறுக்க முடியும், கரண்ட் எங்கள் தெருவுக்கு நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். பாதி அறுத்ததும் போய்விட்டது. மாமாவுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. மீதியை ஹாக்சா பிளேடைத் துணியில் சுற்றிக் கையாலேயே அறுத்தார். அவர் அறுக்கும்போது பானட் ஆடாமல் இருக்க நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். ஃபைபர் தூள் கையெல்லாம் ஒட்டி, அன்றைக்கு முழுவதும் அரிப்பு. அத்தை தனாக்கா மரப்பட்டையை அரைத்து முழங்கை வரை பூசிவிட்டாள். "தமீ, இந்த வேலைக்கெல்லாம் நீ போகாத," என்றாள். தமீ என்றால் மகள்.

எனக்கு அந்த வண்டி மேல் பயம் வந்தது அந்த ஓட்டையினால்தான். மூடி இல்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். நான் ஓட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். எஞ்சின் இருமியது. ஓட்டை வழியாக நெருப்பு எழுந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனது. நான் படிக்கட்டு வரை ஓடிவிட்டேன். மாமா சிரித்தார். "ஒண்ணும் பண்ணாது. தும்முது."

ஓட்டையை மூட லத்தாவில் ஒரு சீனரிடம் தகரத்தில் ஒரு மூடி அடித்து வாங்கி வந்தார். நாலு விரல் உயரம், முன்பக்கம் காற்றுப் போக ஒரு பிளவு. ஆணி ஆணியாக ரிவிட் அடித்துப் பொருத்தினார். வண்டி நன்றாக ஓடியது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அந்தத் தகர மூடியோடு ஆறு வாரம் வண்டி நன்றாக ஓடியது. எஞ்சின் சூடாகவில்லை. முன் சீட்டில் இடப்பக்கம் நான் உட்கார்ந்தேன். எனக்குச் சாலை தெரிந்தது. "ஸ்வே" என்று சொன்னேன், வண்டி போயிற்று. என் சொல்லுக்கு ஒரு கார் நகர்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அம்மாவிடம் எத்தனை லாரியை முந்தினோம் என்று சொல்லிக்கொண்டே தூங்குவேன்.

கெடுத்தது தெரு முனை டீக்கடை. அங்கே டாக்சிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒரு தமிழர், வாயாடி. மாமா வண்டியை நிறுத்தி இறங்கியதும் அவர் டீயைக் கீழே வைத்தார். பானட்டைச் சுற்றி வந்தார். தகர மூடியை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"என்னய்யா, வண்டிக்குக் கட்டி கிளம்பியிருக்கு? மஞ்சப் பத்து போடு, அமுங்கிரும்."

"பழுத்திருந்தா கீறி விட்ருவோம், கத்தி இருக்கா?" என்றார் இன்னொருவர்.

கடையே சிரித்தது. அதைப் பர்மியத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு டீ கொடுக்கிற பையனும் சிரித்தான். மாமாவும் சிரித்தார். ஆனால் அவருடைய காது சிவந்திருந்தது. மறுநாள் ரிவிட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்துத் தகர மூடியைப் பிடுங்கினார்.

துவாந்தே ஊர்ப் பானை மண்ணை மூட்டையில் வாங்கி வந்தார். அதைப் பானட்டின் மேல் குவித்து மூன்று நாள் செதுக்கினார். ஏதோ பத்திரிகையில் வந்த பந்தயக் காரின் படம் பக்கத்தில் இருந்தது. முன்பக்கம் வாயைத் திறந்துகொண்டு எழுந்து நிற்கிற பெரிய மூக்கு. உயரத்தைக் கையால் அளந்தார். கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை, ஒரு சாண்.

அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தாள். "தம்பி, நாலு விரல் போதும்னு நீதான சொன்ன?"

"எஞ்சினுக்கு நாலு விரல் போதும்க்கா. இது அழகுக்கு. தூரத்துல வரும்போதே தெரியணும்ல, யார் வண்டின்னு."

இதை நான் என் காதால் கேட்டேன். அழகுக்கு.

மண் அச்சின் மேல் ஃபைபர் பாயைப் பரப்பி ரெசினைப் பூசினார். வீடு முழுவதும் அந்த வாடை. அத்தைக்கு அப்போது ஏழாவது மாதம், நாலு நாள் அவள் மாடியில் எங்களோடுதான் படுத்தாள். காய்ந்ததும் மண்ணைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து, போல்ட் போட்டு இறுக்கி, வாய்க்குள் மட்டும் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து அந்த வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். நான் விடவில்லை. உள்ளே நெருப்பு இருப்பது எனக்குத் தெரியும்.

முதல் தடவை அந்த மூக்கோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் சாலை இல்லை. மூக்கின் முதுகு இருந்தது, அதற்கு மேல் வானம் இருந்தது. இடப்பக்க ஓரத்தில் நடைபாதையும் மரமும் கொஞ்சம் தெரிந்தன. எதிரே வருகிற வண்டி எந்த இடத்தில் தெரிய வேண்டுமோ, அந்த இடத்தில் மூக்கு இருந்தது.

"மாமா, எனக்கு ரோடு தெரியல."

"எப்படித் தெரியாமப் போகும்? எனக்குத் தெரியுதே."

"உங்க பக்கம் மூக்கு இல்லியே."

அவர் என் பக்கம் குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். "ஒரு தலகாணி போட்டு உக்காரு. பயமா இருந்தா இப்பவே சொல்லு, பின்னாடி போயிரு. தெருவுல பத்துப் பசங்க இருக்கானுங்க, ஸ்பேர் வேலைக்கு அடிச்சுக்கிட்டு வருவானுங்க."

நான் பின்னால் போகவில்லை. அது என் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். தலையணை மேல் உட்கார்ந்து கழுத்தை நீட்டினால் மூக்கின் மேல் விளிம்புக்கு மேலே கொஞ்சம் தெரிந்தது. வண்டி குலுங்கினால் அதுவும் போய்விடும். ஊருக்குள்ளே ஏழெட்டுத் தடவை அப்படிப் போனோம். அந்த ஏழெட்டுத் தடவையும் நான் பாதி ஊகத்தில்தான் சொன்னேன். ஹாரன் சத்தம் கேட்கிறதா என்று கேட்டேன். முன்னால் போகிற வண்டியின் ஸ்பேர் என்ன செய்கிறான் என்று பார்த்தேன். ஒன்றும் புலப்படாவிட்டால் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் போவதற்குத் தயாராக இருந்தால் "ஸ்வே" என்றேன்.

வண்டி எடுக்கப் போகிறார் என்று தெரிந்தாலே எனக்குப் பயம். இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். பெட்ரோல் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்க்கக் கொடுத்தாள். நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் சீட் போகும், பயந்தாங்கொள்ளி என்ற பெயர் வரும். ஒரு நாள் தப்பாகச் சொல்லி எல்லாரும் சாகப்போகிறோம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பத்து வயதில் சாவை விடச் சீட் பெரிதாக இருந்திருக்கிறது.

பங்குனி மாதம் சிரியம் பக்கத்துக் கோயிலில் தீமிதி. எல்லாரும் வண்டியில் போவது என்று ஆயிற்று. காலையில் அம்மா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். அத்தை பர்மிய வழக்கப்படி தபியே இலைக் கொத்தைச் சிவப்பு வெள்ளைத் துணியோடு சேர்த்துக் கட்டி, வண்டியின் முகத்தில் செருக இடம் தேடினாள். மூக்கைத் தவிர வேறு இடம் கிடைக்கவில்லை. அதன் உச்சியில் கட்டினாள். பச்சைப் பசேல் என்று நின்றது. அத்தையை நான் குறை சொல்லவில்லை. பாதுகாப்புக்காகக் கட்டினாள். தலையணையையும் அவளுக்குத்தான் கொடுத்தோம், முதுகுக்கு. அதையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பின்னால் அத்தை இடப்பக்கம், அம்மா வலப்பக்கம். பின்பக்கத்துக்குக் கதவு இன்னும் பூட்டவில்லை. கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்புக் குழாய் குறுக்கே வைத்து வெல்டு செய்திருந்தார். அம்மா அந்தக் குழாயை வலது கையால் பிடித்துக்கொண்டாள்.

சிரியம் போகிற ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்வரை சாலை அகலம், எனக்கு வேலை இல்லை. பாலத்துக்கு அப்பால் சாலை ஒடுங்கியது. முன்னால் ஒரு மூங்கில் லாரி. பாரம் பின்னால் நீண்டு தொங்கியது, நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். லாரி மெதுவாகப் போனது. அதன் புழுதியை நாங்கள் தின்றுகொண்டு போனோம். மாமா ஹாரன் அடித்தார். லாரி ஸ்பேர் பின்னால் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினான். வா என்கிறானா, வராதே என்கிறானா என்று புரியவில்லை.

"பூ மிதிக்கிறதுக்குள்ள போய்ச் சேரணும். இவன் பின்னால போனா சாம்பலத்தான் பாக்கலாம்," என்றார் மாமா.

"மெதுவாவே போ தம்பி. சாமி எங்கயும் போகாது," என்றாள் அம்மா.

இனி நடந்ததை வரிசை மாறாமல் சொல்கிறேன். சிவப்புத் துணி முன் கண்ணாடியின் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. அது வலப்பக்கமாக நகர்ந்தது. மாமாவின் முகத்துக்கு நேராக வந்தது, அதையும் தாண்டிக் கண்ணாடியின் வலது ஓரத்துக்குப் போனது. எஞ்சின் சத்தம் ஏறியது. புழுதி விலகிச் சுத்தமான காற்று முகத்தில் அடித்தது. அப்போது மாமா கேட்டார்.

"என்ன ஸ்பேர், ஸ்வேயா?"

நான் கழுத்தை நீட்டினேன். மூக்கு. மூக்குக்கு மேல் இலை. இலைக்கு மேல் வானம். நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன்.

"ஸ்வே," என்றேன்.

இலைகளுக்கு நடுவில் ஆள் ஏற்றி வரும் ஒரு லைன் காரின் கூரை தெரிந்தது. கூரை மேல் கூடைகள், பின்னால் தொங்கிக்கொண்டிருந்த ஆட்கள். மாமா பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுதாக ஒடித்தார். லைன் கார் எங்கள் இடப்பக்கத்தைத் தொடாமல் போயிற்று. அதில் இருந்தவர்கள் கத்தியது ஒரு நொடி என் காதுக்குள் இருந்தது. எங்கள் வண்டி லாரிக்குப் பின்னால் திரும்பி வந்தது, நிற்கவில்லை, சாலையை விட்டு இறங்கியது. அங்கே ஒரு மதகு. மதகுச் சுவரில் வண்டியின் வலப்பக்கம் முழுவதும் உரசிக்கொண்டு போய் நின்றது.

அம்மா கத்தவில்லை. அத்தைதான் கத்தினாள், பர்மியத்தில், அம்மாவைப் பார்த்து. நான் திரும்பிப் பார்த்தேன். இரும்புக் குழாய் சுவரோடு சுவராக மடங்கியிருந்தது. அம்மாவின் கை குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. அம்மா அதை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்கள் ஓடி வந்து வண்டியை நகர்த்திக் கையை எடுத்தார்கள். ஒரு பிக்கப்பில் அம்மாவை ஏற்றி அத்தை கூடப் போனாள். என்னை விட்டுவிட்டுப் போனார்கள். நான் மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் எங்கள் வண்டியின் பெயிண்ட் நீளமாக ஒட்டியிருந்தது.

வெள்ளைச் சட்டை போட்ட டிராபிக் போலீஸ் ஒருவர் வந்தார். மாமா அவரோடு பர்மியத்தில் பேசினார். மாமாவுக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது, இருந்தும் நிறையப் பேசினார். போலீஸ்காரர் நம்பர் பிளேட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். நம்பர் பழைய ஜீப்பினுடையது, வண்டி ஜீப் மாதிரி இல்லை. மாமா சட்டென்று கையை நீட்டி என்னைக் காட்டினார். போலீஸ்காரர் வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நீயா போகச் சொன்ன?" என்று பர்மியத்தில் கேட்டார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். என் பாவாடை நனைந்துவிட்டது. என்னைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து மாமாவைப் பார்த்து, "இந்தப் புள்ளையா உனக்கு ஸ்பேர்?" என்றார். மாமா கிழிந்த உதட்டோடு சிரித்தார். அதற்குப் பிறகு நம்பர் பிளேட்டைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

மறுநாள் காலையில் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து போட்டிருந்தார்கள். வலப்பக்கம் கிழிந்து தொங்கியது. பானட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூக்கு இல்லை. அந்த இடத்தில் பழைய தகர மூடி இருந்தது, அவசரத்தில் நாலே நாலு ஆணியில். அக்கம் பக்கத்து ஆட்கள் வண்டியைப் பார்க்க வந்தபோது மாமா விபத்தைக் கதையாகச் சொன்னார். முதல் தடவையாக அந்தக் கதையை அன்றைக்குத்தான் கேட்டேன். அதில் நான் இருந்தேன். "ஸ்வே" இருந்தது. மூக்கு இல்லை.

அத்தைக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கு இரண்டு தடவை ஆபரேஷன் நடந்தது. கை இருக்கிறது, மூன்று விரல் மடங்காது. கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. தைப்பதற்கு வாங்கி வைத்திருந்த துணிகளை எல்லாம் நான்தான் வீடு வீடாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வீட்டில் அந்த அம்மாள், "நீதானா அந்தப் பொண்ணு?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு வெள்ளைச் சட்டை போட்ட யார் தெருவில் வந்தாலும் நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். மீட்டர் பார்க்க வந்தவரைக் கண்டும் அங்கே ஒளிந்திருக்கிறேன். பல மாதம் அப்படி. யாரும் வந்து என்னைப் பிடிக்கவில்லை, அதுவே பயமாக இருந்தது. இன்றைக்கு இல்லை, நாளைக்கு என்று நினைத்தேன்.

வளர்ந்த பிறகு ஒரே ஒரு தடவை அம்மாவிடம் கேட்டேன். "எனக்குத் தெரியலன்னு மாமாகிட்ட முதல்லயே சொன்னேன்மா. நீ ஏன் ஒரு தடவகூட அவர வாய மூடுன்னு சொல்லல?"

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள், இடது கையால். "அவன் வீட்டுல இருந்தோம். வேற எங்க போறது? விடு," என்றாள்.

நானும் விட்டேன். ஏனென்றால் நான் "ஸ்வே" என்று சொன்னது உண்மை. பார்க்காமல் சொன்னது உண்மை. எந்தப் பக்கம் புரட்டினாலும் என் வாய்ச் சொல்லில்தான் அந்த வண்டி வெளியே போயிற்று என்று நானும் நம்பியிருந்தேன்.

போன மழைக்காலம் வரை நம்பியிருந்தேன். இப்போது எனக்குச் சொந்தமாக ஒரு பழைய கார் இருக்கிறது. வலப்பக்க ஸ்டியரிங்தான். பகோ ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன், இடப்பக்கம் என் மகள், ஒன்பது வயது. முன்னால் மணல் லாரி. எனக்கு அவசரம். "பாப்பா, போகலாமா?" என்று கேட்டேன். கேட்டு முடித்து, அவள் எட்டிப் பார்த்து வாயைத் திறக்கும் முன்னால், நடுக்கோடு என் பானட்டுக்கு அடியில் போய்விட்டதைப் பார்த்தேன். லாரியின் பின்பலகை என் கண்ணாடியின் வலது ஓரத்தில் இருந்தது. என் கை ஏற்கெனவே திருப்பியிருந்தது. என் கால் ஏற்கெனவே மிதித்திருந்தது. அது அவளிடம் கேட்ட கேள்வியே இல்லை. போய்க்கொண்டே கேட்டேன்.

லாரிக்குப் பின்னாலேயே திரும்பி வந்து வண்டியை ஓரமாக நிறுத்தினேன். மகள் பர்மியத்தில், "ஏன் நிறுத்திட்ட, நான் இன்னும் ஒண்ணும் சொல்லலியே?" என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. ஆமாம், நீ ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அதை இரண்டு தடவை சொன்னேன்.

அந்தச் சிவப்புத் துணி நகர்ந்ததை நான் பத்து வயதிலேயே பார்த்தவள். முதலில் துணி நகர்ந்தது, பிறகு மாமா கேட்டார், பிறகு நான் சொன்னேன். இந்த வரிசை ஒரு நாளும் எனக்கு மறக்கவில்லை. துணி நகர்ந்தால் உண்மையில் நகர்ந்தது எங்கள் வண்டி என்று மட்டும் அந்தப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியவில்லை. துணிதான் காற்றில் ஆடி ஒதுங்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தது.

மாமா, உங்களிடம் தனியாக வந்து கேட்டால் தோளில் தட்டிச் சிரிப்பீர்கள், அத்தையிடம் எனக்கு டீ போடச் சொல்வீர்கள். அதனால் தனியாகக் கேட்கவில்லை. என் பங்கை எல்லாருக்கும் முன்னால் எழுதிவிட்டேன். தெரியாமலே சொன்னேன், பயத்தில் சொன்னேன், சீட்டுக்கு ஆசைப்பட்டுச் சொன்னேன். இனி உங்கள் முறை. வருகிற பங்குனியில் அன்னதானப் பந்தியில் மைக் உங்கள் கையில்தான் இருக்கும். அம்மாவும் அங்கே இருப்பாள், நானும் இருப்பேன். அந்த மூக்கை ஏன் விடிவதற்குள் கழற்றினீர்கள் என்று சொல்லுங்கள். எனக்குச் சாலை தெரியவில்லை என்று நான் சொன்னேனா இல்லையா என்று சொல்லுங்கள். நீங்கள் என்னைக் கேட்பதற்கு முன்பே ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டீர்களா இல்லையா? மைக்கில் சொல்லுங்கள், மாமா. சிரிக்காமல் சொல்லுங்கள்.